நரிமேட்டு மாடியில் 268 கிலோ எக்ஸ்ரே படங்கள்: வெள்ளியை யாரிடம் ஒப்படைப்பது?

மதுரை நரிமேட்டில் நான் 29 ஆண்டுகள் டெக்னீஷியனாக வேலை பார்த்த எக்ஸ்ரே நிலையத்தின் மாடியறையில் 268 கிலோ பழைய படங்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. கீழே இருட்டறையில், படம் கழுவப் பயன்படுத்தி முடித்த ஃபிக்ஸர் கரைசல் மூன்று 35 லிட்டர் கேன்களில் நிரம்பி நின்றது. நிலையத்தை நடத்திய டாக்டர் ஐயா காலமாகி ஓராண்டு ஆனபின் கட்டடத்தை வாடகைக்கு விடுவதென்று வீட்டில் முடிவு செய்தார்கள். ஐயாவின் மகள் என்னை அழைத்தார். "அண்ணே, அந்தப் படங்களில் வெள்ளி இருக்கிறதாமே? ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். நீங்கள் வந்து பார்த்து எது சரி என்று சொல்லுங்கள்" என்றார்.

அவரிடம் சொல்லப்பட்ட வழிகள் ஐந்து. தெருவில் வரும் பழைய பொருள் வியாபாரியிடம் எடைக்குப் போட்டுவிடுவது. தெற்காவணி மூல வீதி நகைக்கடைகளை ஒட்டிய சந்தில் இருக்கும் உருக்குப் பட்டறையில் கொடுத்து, வரும் வெள்ளியில் பங்கு வாங்குவது. காணொளி பார்த்து நாமே வீட்டில் பிரித்தெடுப்பது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்கு லாரியில் ஏற்றிவிடுவது. கடைசியாக, வெள்ளி விலை ஏறிக்கொண்டுதானே இருக்கிறது, அப்படியே கிடக்கட்டும் என்று விட்டுவிடுவது.

மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று மதுரையைச் சுற்றிய ஊர்களிலும் இதே சிக்கலோடு இருக்கிறவர்களை நான் அறிவேன். டிஜிட்டல் வந்ததும் இருட்டறையைப் பூட்டிவிட்டு, உள்ளே இருப்பதை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருக்கும் சிறு எக்ஸ்ரே நிலையங்கள், பல் மருத்துவர்கள், பழைய போட்டோ ஸ்டூடியோக்காரர்கள். நாங்கள் எப்படி எடைபோட்டுப் பார்த்தோம் என்பதை அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

முதலில் வெள்ளி எங்கே இருக்கிறது என்பது புரிய வேண்டும். அது புரியாமல் யாரிடம் பேரம் பேசினாலும் ஏமாற்றம்தான். எக்ஸ்ரே படம் என்பது பாலியெஸ்டர் தகட்டின் இருபுறமும் பூசிய ஜெலட்டின். அந்த ஜெலட்டினுக்குள் வெள்ளி புரோமைடு நுண்படிகங்கள் சிதறிக் கிடக்கின்றன. கதிர் பட்ட படிகங்களை டெவலப்பர் உலோக வெள்ளியாக மாற்றுகிறது. படத்தில் நாம் பார்க்கும் கருப்பு அந்த வெள்ளிதான். கதிர் படாத படிகங்களை ஃபிக்ஸர், அதாவது நாங்கள் ஹைப்போ என்று சொல்லும் தயோசல்பேட் கரைசல், கரைத்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. ஆகவே ஒரு படத்தின் வெள்ளி இரண்டாகப் பிரிகிறது. கருப்பில் இருப்பது படத்திலேயே தங்குகிறது. வெளிறிய இடத்தில் இருந்தது ஃபிக்ஸரில் சேர்கிறது.

பயன்படுத்திய எக்ஸ்ரே படங்களில் எடைக்கு 1.5 முதல் 2 சதவீதம் வெள்ளி என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கிலோவுக்கு 15 முதல் 20 கிராம். பெரிய மார்புப் படம் ஒன்று ஏறக்குறைய 40 கிராம் எடை இருக்கும். 25 படம் ஒரு கிலோ. ஆனால் இந்தச் சதவீதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. நோயாளியின் உடலில் தேவையில்லாத கதிர் படக் கூடாது என்பதற்காக, கதிர்ப் பரப்பை எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்கு என்று டாக்டர் ஐயா எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். எங்கள் படங்களில் விரலுக்கு விரல் அளவு, மணிக்கட்டுக்கு மணிக்கட்டு அளவுதான் கருப்பு. சுற்றிலும் வெளிறிய ஓரம். ஆகவே எங்கள் படத்தில் வெள்ளி குறைவு, எங்கள் ஃபிக்ஸரில் அதிகம். பிறகு மாதிரி எடுத்துப் பார்த்தபோது கிலோவுக்கு 11.8 கிராம்தான் வந்தது. அந்தக் குறைவில் எனக்கு வருத்தம் கொஞ்சமும் இல்லை. நோயாளிகளின் உடலில் படாமல் போன கதிரின் கணக்கு அது.

எடையிலும் ஒரு பாடம் கிடைத்தது. 268 கிலோ என்பது உறையோடு சேர்த்த எடை. நானும் என் மகனும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து உறைகளைக் கழற்றியபோது காகிதமே 47 கிலோ. மீதி 221 கிலோவில், கடைசி ஆறு ஆண்டுகளில் உலர் அச்சு எந்திரத்தில் எடுத்த நீலநிறப் படங்கள் 31 கிலோ. உலர் படங்களில் சில வகைகளில் வெள்ளி உண்டு, சில வகைகளில் அறவே கிடையாது. அவற்றைக் கலந்து வைத்தால் வாங்குகிறவர் மொத்தக் குவியலையும் மட்டமாக மதிப்பிடுவார். இருட்டறையில் கழுவிய படங்கள் என்று சுத்தமாகப் பிரிந்து நின்றது 190 கிலோ. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்தப் பிரிக்கும் வேலையை நீங்களே செய்யுங்கள். எங்களுக்கு அதிகப் பணம் தந்தது அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்தான்.

பிரிக்கும்போதே இன்னொன்றையும் செய்ய வேண்டும். உள்நோயாளிகளின் ஆவணங்களை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை சொல்கிறது. விபத்து, அடிதடி போன்ற போலீஸ் வழக்குப் படங்களை வழக்கு முடியும்வரை தொடக் கூடாது. நாங்கள் அப்படிப்பட்டவற்றைத் தனிப்பெட்டியில் போட்டு வீட்டிலேயே வைத்துக்கொண்டோம்.

இனி வழிகளுக்கு வருகிறேன்.

பழைய பொருள் வியாபாரி சொன்ன விலையை அன்றைய வெள்ளி விலையால் வகுத்துப் பார்த்தேன். கிலோ படத்துக்கு 3 கிராம் வெள்ளியின் விலைதான் வந்தது. (எல்லாரும் ரூபாயில் பேசுவார்கள், நீங்கள் கிராமில் ஒப்பிடுங்கள். வெள்ளி விலை வாரத்துக்கு வாரம் மாறும், கிராம் மாறாது.) அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் அலைந்து வாங்கி, இன்னொருவருக்கு விற்று, அவர் வேறொருவருக்கு விற்று, ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டால்தான் அந்தத் தொழில் நடக்கும். நான் அந்த வழியை மறுத்ததற்குக் காரணம் விலை மட்டுமல்ல. ஒவ்வொரு படத்தின் மூலையிலும் நோயாளியின் பெயர், வயது, தேதி இருக்கிறது. செல்லூரில், நரிமேட்டில், பீபிகுளத்தில் இன்றும் வாழ்கிற மனிதர்களின் நெஞ்சும் முதுகெலும்பும் அவை. அந்தப் படங்கள் கடைசியில் எங்கே போய் எரிகின்றன அல்லது கரைகின்றன என்று அவருக்கே தெரியாது. தெரியாத இடத்துக்கு அவற்றை அனுப்ப மனம் ஒப்பவில்லை.

பட்டறை வழி கொஞ்சம் ஆசை காட்டியது. நகைக்கடை வீதிகளில் வாசல் கூட்டிய மண்ணைக்கூட வீணாக்காமல் அரித்து உலோகம் எடுக்கிற கைகள் நம் ஊரில் இருக்கின்றன. அந்தத் திறமைமேல் எனக்குப் பெரிய மரியாதை. பட்டறைக்காரர் கேட்டது பாதிப் பங்கு. அவர் முறை எளிது: படங்களை எரித்து, சாம்பலை வெண்காரத்தோடு மூசையில் (உருக்கும் கிண்ணத்தில்) வைத்து உருக்குவது. வெள்ளி 962 டிகிரி செல்சியஸில் உருகும். நகை உலை அதைத் தாராளமாகத் தாண்டும். ஆனால் 190 கிலோ பாலியெஸ்டர் தகட்டை எரிப்பது என்றால் என்ன என்பதை எண்ணிப் பாருங்கள். அந்தக் கரும்புகை மாடிவீடுகள் நெருங்கிய சந்தில்தான் இறங்கும். நுண்துகளாக இருக்கும் வெள்ளியிலும் ஒரு பகுதி சாம்பலோடு பறந்து போகும். அதோடு அந்தத் தகடே காசு பெறும் பொருள். ஜெலட்டினைக் கழுவி எடுத்துவிட்டால் மிஞ்சுவது நல்ல பாலியெஸ்டர், அதை உருக்கி மறுபடி பயன்படுத்தலாம். எரித்தால் அதுவும் போயிற்று. பட்டறையை நான் அடியோடு ஒதுக்கவில்லை. அங்கே கொடுக்க வேண்டியது படம் அல்ல, அதற்குப் பிறகு கிடைக்கும் உலோகம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

வீட்டிலேயே செய்யும் வழியைச் சொன்னவன் உறவுக்காரப் பையன், பொறியியல் முடித்தவன், ஆர்வமுள்ளவன். அவன் காட்டிய காணொளியில் ஒருவர் கையுறைகூட இல்லாமல் நைட்ரிக் அமிலத்தில் படங்களைப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். அப்போது எழும் பழுப்புப் புகை சுவாசித்த உடனே ஆளைச் சாய்க்காமல், பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்க வைக்கும். வெள்ளிக் கரைசலில் அம்மோனியாவைச் சேர்த்து அப்படியே விட்டு வைத்தால், தொட்டாலே வெடிக்கிற பொருள் உண்டாகலாம். வேறு சிலர் சயனைடு என்கிறார்கள். இவற்றில் எதையும் வீட்டில் செய்யாதீர்கள். எவ்வளவு படித்திருந்தாலும் செய்யாதீர்கள். சூடான காஸ்டிக் சோடாவில் ஜெலட்டினைக் கரைத்து வெள்ளிக் கசடைப் படியவைக்கும் முறை இவற்றைவிடப் பரவாயில்லை. ஆலைகளும் அதைச் செய்கின்றன, சில ஜெலட்டினைத் தின்னும் நொதியைப் பயன்படுத்துகின்றன. ஆனால் 190 கிலோ படத்துக்கு எவ்வளவு கொதிக்கும் காரநீர், அதைப் பிறகு எங்கே ஊற்றுவது? இந்தக் கேள்விக்கு அந்தப் பையனிடம் பதில் இல்லை. காணொளியிலும் இல்லை.

அப்படியே கிடக்கட்டும் என்பதைப் பற்றி ஒன்றிரண்டு வரி போதும். பாலியெஸ்டர் படம் கெடாது. கையால் கிழித்துப் பாருங்கள், கிழியாது. காடி வாடை அடிக்கிற மிகப் பழைய அசிட்டேட் படமாக இருந்தால் காத்திருக்காமல் அனுப்பிவிடுங்கள். படம் காத்திருக்கும், ஃபிக்ஸர் காத்திருக்காது. கேனில் நாள்பட நாள்படக் கந்தகம் பிரிந்து, வெள்ளி கருத்த சல்பைடு கசடாக அடியில் இறங்கிவிடும். பிறகு அதை மீட்பது இரட்டை வேலை.

மிஞ்சியது அங்கீகாரம் பெற்ற நிறுவனம். அவர்கள் இரண்டு விதமாக விலை பேசினார்கள். ஒன்று, ஏற்றும்போதே கிலோவுக்கு இவ்வளவு என்று தீர்த்துவிடுவது; அது கிலோவுக்கு 6 கிராம் வெள்ளியின் விலைக்குச் சமமாக வந்தது. இன்னொன்று, பிரித்தெடுத்த பிறகு கிடைத்த வெள்ளியில் நான்கில் மூன்று பங்கின் விலையைத் தருவது, மீதி அவர்கள் கூலி. இரண்டாவதில் நம்பிக்கை வேண்டும், ஏனென்றால் எவ்வளவு கிடைத்தது என்பதை அவர்கள்தானே சொல்கிறார்கள்? அதனால் 20 கிலோ மாதிரியை முதலில் அனுப்பினோம். எல்லாக் கட்டுகளிலிருந்தும் கலந்து எடுத்த மாதிரி. மார்புப் படம் மட்டும் பொறுக்கி அனுப்பினால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும். அதைக் கரைக்கும்போது என் மகன் உடனிருந்தான். 236 கிராம் வந்தது. அந்தக் கணக்கை வைத்து மீதி 170 கிலோவுக்கும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டோம்.

கிராமில் பார்த்தால் இப்படி நிற்கிறது. வியாபாரி வழியில் 190 கிலோவுக்கு 570 கிராம். பட்டறையில், எரிப்பில் எதுவுமே இழக்கவில்லை என்று பெருந்தன்மையாகக் கணக்கிட்டாலும், 1,121 கிராமுக்கு மேல் வராது. நிறுவனத்தின் உடனடி விலையில் 1,140. பிரித்த பின் தீர்க்கும் விலையில் 1,680. லாரி வாடகை நம் பக்கம். அதைக் கழித்தாலும் கடைசி வழியே மேல். படங்களைத் துண்டு துண்டாக வெட்டியதற்கு அத்தாட்சிக் கடிதமும் அவர்கள் தந்தார்கள். பெயர்கள் தெருவில் சுற்றாது என்ற நிம்மதிக்கு நான் தனியாக விலை போடவில்லை.

ஒரு சிறு நிலையத்தில் 10, 15 கிலோதான் இருக்கிறது என்றால் இந்தக் கணக்கு மாறும். லாரி வாடகையே மொத்த வெள்ளியையும் விழுங்கிவிடும். அப்படிப்பட்டவர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஓரிடத்தில் குவித்து, ஒவ்வொருவர் எடையையும் எழுதி வைத்துக்கொண்டு ஒரே தடவையாக அனுப்புவது நல்லது. எந்த நிறுவனத்துக்கு அங்கீகாரம் நடப்பில் இருக்கிறது என்பதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மதுரை அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சான்றிதழின் நகலைக் காட்டினால் மட்டும் போதாது, அதன் கடைசித் தேதியைப் பாருங்கள்.

ஃபிக்ஸர் வேறு கதை. என் மனத்தை இன்றும் உறுத்துவதும் அதுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்து முதல் 20 ஆண்டுகளுக்கும் மேலாக, வலுவிழந்த ஃபிக்ஸரை இருட்டறைத் தொட்டியிலேயே ஊற்றினேன். யாரும் தடுக்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அந்தச் சாக்கடை பந்தல்குடி வாய்க்காலில் கலந்து வைகைக்குப் போகிறது என்பதை நான் தினமும் சைக்கிளில் கடந்து போகும்போது கண்ணால் பார்த்தேன். பயன்படுத்திய ஃபிக்ஸரில் லிட்டருக்குச் சில கிராம் வெள்ளி இருக்கும். வாரம் ஒரு கேன் என்றால் எத்தனை கிலோ வெள்ளியை வாய்க்காலுக்குக் கொடுத்திருப்பேன் என்று கணக்குப் போடவே கை நடுங்குகிறது.

வெள்ளியின் மருத்துவ குணமே அங்கே கேடாக மாறுகிறது. வெள்ளி அயனி நுண்ணுயிர்களைக் கொல்லும். 1880களில் கார்ல் கிரெடே என்ற ஜெர்மானிய மருத்துவர் பிறந்த குழந்தைகளின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் சொட்டு விட்டு, பிறப்பின்போது தொற்றும் கண்நோயால் பார்வை போவதைத் தடுத்தார். 1968இல் சார்லஸ் ஃபாக்ஸ் வெள்ளி சல்ஃபாடையசின் களிம்பை அறிமுகப்படுத்தினார். தீப்புண் வார்டில் வெள்ளையாக அப்பி வைத்திருப்பார்களே, அதுதான். சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு விபத்துகளில் வெந்து மதுரைக்குக் கொண்டுவரப்படுகிறவர்களைப் பார்த்த எவருக்கும் அந்த வெள்ளைக் களிம்பு மறக்காது. இன்று அதைவிட விரைவாகப் புண்ணை ஆற்றும் கட்டுகள் வந்துவிட்டன, மேலோட்டமான தீப்புண்ணுக்கு இந்தக் களிம்பைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். ஆனாலும் பல ஆண்டுகள் அது காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். குழந்தைகளின் சொத்தைப் பல்லைத் துளையிடாமல் நிறுத்தும் வெள்ளி டையமின் ஃபுளோரைடை உலக சுகாதார நிறுவனம் 2021இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பல் கருக்கும், ஆனால் சொத்தை நிற்கும்.

அதே அயனிக்கு நல்ல நுண்ணுயிர், கெட்ட நுண்ணுயிர் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. கழிவுநீரைச் சுத்தம் செய்வதே பாக்டீரியாக்கள்தான். கண்மாயில் மீன் வாழ்வதும் அவற்றின் தயவில்தான். ஃபிக்ஸரில் வெள்ளி தயோசல்பேட்டோடு பிணைந்திருப்பதால் தனி அயனி அளவுக்கு நச்சு இல்லை என்பது உண்மை. ஆனால் அந்தச் சமாதானத்தைச் சொல்லிக்கொண்டு இன்னொரு கேனை ஊற்ற என்னால் முடியாது. 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளும் எக்ஸ்ரே கழுவும் திரவத்தை மஞ்சள் வகைக் கழிவில் சேர்த்து, அதிலிருந்து மீட்கக்கூடியதை மீட்ட பிறகு, முறைப்படி பக்குவப்படுத்தித்தான் வெளியேற்ற வேண்டும் என்கின்றன.

105 லிட்டரை நிறுவனத்துக்கு அனுப்பலாமா என்று கேட்டேன். படத்தோடு சேர்த்து ஏற்றிக்கொள்ளத் தயாராக இருந்தார்கள், ஆனால் அதற்குப் பணம் தர மாட்டார்கள்; எடுத்துச் செல்வதே உதவி என்றார்கள். நியாயம்தான். திரவத்தைச் சுமப்பது செலவு. ஆக இங்கே மட்டும் நாமே மீட்பது என்ற வழி பொருளுள்ளதாகிறது. அதில் இரண்டு முறை உண்டு.

ஒன்று எஃகு நார். ஒரு வாளியில் எஃகு நாரை அடைத்து, ஃபிக்ஸரை அதன் வழியே மெதுவாகச் சொட்டவிட்டால், இரும்பு கரைந்து அதன் இடத்தில் வெள்ளி படியும். கணக்குப்படி 1 கிராம் இரும்பு 3.86 கிராம் வெள்ளியை இறக்க வேண்டும். நடைமுறையில் அமிலத்திலேயே பாதி இரும்பு வீணாகக் கரையும். மளிகைக்கடையில் பாத்திரம் தேய்க்க விற்கும் பளபளப்பான கம்பி நார் இதற்கு உதவாது, அது துருப்பிடிக்காத எஃகு. துருப்பிடிக்கிற சாதா எஃகு நார் வேண்டும். செலவு மிகக் குறைவு, மின்சாரம் வேண்டாம். ஆனால் கிடைப்பது இரும்பும் வெள்ளியும் கலந்த கருஞ்சேறு. அதை உருக்கிச் சுத்தம் செய்யப் பட்டறைக்காரர் கூலி அதிகம் கேட்பார்.

இரண்டாவது மின்னாற்பகுப்பு. போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த நண்பர் ஒருவரிடம் பழைய கருவி ஒன்று இருந்தது. நடுவில் கார்பன் தண்டு, சுற்றிலும் எவர்சில்வர் தகடு, கரைசலைச் சுழற்ற ஒரு சிறு பம்பு, மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு பெட்டி. ஓர் ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் 4 கிராம் வெள்ளி படியும். இது ஃபாரடேயின் கணக்கு, அதற்கு மேல் யாராலும் எடுக்க முடியாது. 35 லிட்டரில் லிட்டருக்கு 4 கிராம் என்றால் 140 கிராம். 2 ஆம்பியரில் ஓட்டினால் குறைந்தது 17 மணி நேரம். அவசரப்பட்டு மின்னோட்டத்தைக் கூட்டினால் வெள்ளிக்குப் பதில் கருத்த சல்பைடு படியும், அழுகிய முட்டை வாடை வரும். கரைசலில் வெள்ளி குறையக் குறைய மின்னோட்டத்தையும் குறைத்துக்கொண்டே வர வேண்டும். லிட்டருக்கு அரை கிராமுக்குக் கீழே போனால் மின்சாரம் வீண். அங்கிருந்து எஃகு நாரிடம் ஒப்படைப்பது புத்திசாலித்தனம். ஆக இவை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. முன்னே மின்சாரம், பின்னே எஃகு நார் என்று வரிசையாக வைப்பதே சிறந்தது. கருவி இரவல் கிடைக்காதவர்கள், மாதம் ஒரு கேனுக்கும் குறைவாகச் சேர்கிறவர்கள், கருவி வாங்க முதல் போட வேண்டாம். எஃகு நார் வாளியே போதும்.

கதவு, ஜன்னல் திறந்த இடத்தில் செய்யுங்கள். டெவலப்பரை ஃபிக்ஸரோடு கலந்துவிடாதீர்கள். அம்மோனியா எழும், வெள்ளியும் சரியாகப் படியாது. வெள்ளி மீதம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு செப்புக் கம்பியைப் புளி போட்டுத் தேய்த்துக் கரைசலில் தோய்த்தால் போதும். வெள்ளி இருந்தால் செம்பின்மேல் சாம்பல் பூத்து வெளுக்கும். எவ்வளவு விரைவாக வெளுக்கிறதோ அவ்வளவு வெள்ளி மிச்சம் இருக்கிறது.

முதல் கேனிலிருந்து தகட்டில் ஒட்டிய செதில்களைச் சுரண்டியபோது 118 கிராம். தெற்காவணி மூல வீதிப் பட்டறையில் வெண்காரம் போட்டு உருக்கியதும் 109 கிராம் கட்டி. முன்பு பாதிப் பங்கு கேட்ட அதே பட்டறைக்காரர் இதற்கு வெறும் உருக்குக் கூலிதான் வாங்கினார். டச், அதாவது வெள்ளியின் தூய்மை, பார்த்ததில் 97 சதவீதம் வந்தது. படத்தை எரிக்கும் அழுக்கு வேலையை அவர் தலையில் கட்டாமல், கையில் பிடிக்கிற உலோகமாகக் கொண்டுபோனதால் வந்த வித்தியாசம் அது.

அந்தக் கட்டியைப் பார்த்ததும் ஐயாவின் மகளுக்கு ஒரு ஆசை. அவர் மகளுக்குத் தை மாதம் பிரசவம். "அப்பாவின் படங்களிலிருந்து வந்த வெள்ளியில் குழந்தைக்கு ஒரு பாலாடை செய்யலாமா அண்ணே?" என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனாலும் அவசரப்பட்டுத் தலையாட்டவில்லை. பால் ஊட்டும் பாத்திரம் குழந்தையின் வாய்க்குள் போவது. மீதி 3 சதவீதம் என்னவென்று தெரியாத கட்டியில் அதைச் செய்யக் கூடாது. முதலில் நன்றாகச் சுத்திகரித்து, டச் 99க்கு மேல் வந்த பிறகு, பொடிவைக்காமல், அதாவது பற்றவைப்பு இல்லாமல், அச்சில் அடிக்கச் சொன்னேன். அப்படியே செய்தார்கள். இன்னொன்றையும் சொன்னேன்: வெள்ளி உடம்புக்கு நல்லது என்று யாராவது 'வெள்ளித் தண்ணீர்' குடிக்கச் சொன்னால் கேட்காதீர்கள். அதைத் தொடர்ந்து குடித்தவர்களுக்குத் தோல் நிரந்தரமாக நீலச் சாம்பல் நிறமாகிப்போன கதைகள் மருத்துவத்தில் பதிவாகி இருக்கின்றன. பாலாடை வேறு, மருந்து வேறு.

படங்களிலிருந்து வந்த பெரும்பகுதி வெள்ளி நிறுவனத்தின் வழியாகச் சந்தைக்குப் போய்விட்டது. உலோகங்களில் மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளிதான் என்பதால், உலகில் விற்கும் வெள்ளியில் பாதிக்கும் மேல் இன்று தொழிற்சாலைகளுக்குப் போகிறது. சுவிட்சுகளின் முனை, குளிர்சாதனப் பெட்டியின் குழாய்ப் பற்றுவைப்பு, சூரிய மின்பலகையின் மெல்லிய கோடுகள். நம் பக்கத்துக் கமுதியில் 2016இல் வந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தின் பலகைகளிலும் அந்தக் கோடுகள் இருக்கின்றன. எங்கள் ஊர்க்காரர்களின் எலும்பைக் காட்டிய வெள்ளி அடுத்து எந்தக் கோட்டில் போய் உட்காருமோ, அது தெரிந்தால் சந்தோஷப்படுவேன்.

மாடியறை காலியாகிவிட்டது. வழக்குப் படங்கள் இருக்கும் ஒரு பெட்டி மட்டும் பரணில் இருக்கிறது. இரண்டு கேன் ஃபிக்ஸரில் வெள்ளி எடுத்தாயிற்று. மீந்த கரைசலை மருத்துவக் கழிவு வண்டி முறைப்படி எடுத்துச் சென்றது. மூன்றாவது கேன் இரண்டு நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்று மாலை தோய்த்த செப்புக் கம்பி சில நொடிகளிலேயே வெளுத்துவிட்டது. இன்னும் ஓர் இரவு ஓட்ட வேண்டும்.